எந்திரிக்காத பரிசக்காரி

சிட்டு,

உன் நீலத்துணி கொடியில் கிடக்கிறது. காலையிலிருந்து அலசி அலசிப் பார்த்துவிட்டேன், மஞ்சள் போவேனா என்கிறது. நீலத்தில் மஞ்சள் ஊறி, பாசி பிடித்த மாதிரி அங்கங்கே பச்சையாய்த் திட்டு நிற்கிறது. நீ இருந்திருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் கூடையில் எறிந்திருப்பாய். கொடியைக் கடக்கும்போதெல்லாம் மஞ்சத்தண்ணி வாசமும் பனியன் துணியின் எண்ணெய் வாசமும் ஒன்றாய் மூக்கில் ஏறுகிறது. அந்த வாசம் இப்போது எனக்கு ஆவதில்லை. யாரால் என்று உனக்குத் தெரியும்.

செத்தவர்களை வையக்கூடாது என்பார்கள். நோவு வந்து, கூடப் பழகினவர்களிடம் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு செத்தவர்களை வையக்கூடாது. அது சரி. நீ அப்படியா போனாய்? ஊருக்கு முன்னால் மேடையில் ஒரு தடவை செத்துக் காட்டி, அது வெறும் நாடகம் என்று என்னை நம்பவைத்துவிட்டு, அப்புறம் நிஜமாகச் செத்தவள் நீ. அதனால் வைகிறேன். கேட்டுக்கொள். நான் படித்தது அஞ்சாவது. எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். கோபம் நேராக வரும்.

நம்ம நாடகத்தை உனக்கே சொல்லவேண்டியிருக்கிறது, அதைக் கெடுத்தவளே நீதானே. மாரியம்மன் நோம்பிக்கு வருஷா வருஷம் கோயில் திடலில் பரிசக்காரி கதை போடுவோம். ஆற்றில் வெள்ளம். பரிசல் ஓட்டுகிறவன் பயந்து கரையில் குத்த வைத்துவிடுகிறான். அவன் பொண்டாட்டி துடுப்பை எடுக்கிறாள். அக்கரையில் மாட்டின சனத்தை நடை நடையாய்க் கொண்டுவந்து சேர்க்கிறாள். கடைசி நடை, தன்னைக் கரித்துக் கொட்டின மாமியாருக்காகப் போகிறாள். மாமியார் கரையேறுகிறாள், பரிசல் கவிழ்கிறது. எல்லாம் பாட்டு. துடுப்புக் கேட்பதும் பாட்டு, மாமியார் வைவதும் பாட்டு, முங்கிச் சாவதும் பாட்டு. வசனம் என்று ஒரு வரி கிடையாது. பனியன் கம்பெனியில் தைக்கிற, மடிக்கிற, செக்கிங் பார்க்கிற பொம்பளைகள்தான் வேஷம் எல்லாம்.

செத்ததோடு நாடகம் முடியாது. அதுதான் நம்ம ஊர் வழக்கம். மேடையில் செத்த உயிரை அப்படியே போட்டுவிட்டுச் சனம் வீட்டுக்குப் போகக்கூடாது. மஞ்சத்தண்ணிச் சொம்போடு ஒருத்தி மேடையேற வேண்டும். முகத்தில் தெளித்து, வேஷத்தின் பேரைச் சொல்லாமல், வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி மூணு தடவை கூப்பிடவேண்டும். தன் பேருக்குத்தான் செத்தவள் எந்திரிப்பாள், வேறு பேருக்கு அசையக்கூடாது. எந்திரித்துச் சனத்துக்கு முகம் காட்டின பிறகுதான் ஆர்மோனியக்காரர் மங்களம் எடுப்பார்.

சொம்பு என் கையில். எனக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் ஓவர்லாக் மிஷினில் நூல் அறுந்த சத்தம். "உனக்கெதுக்கு அம்மிணி பாட்டு? கூப்பிட்டாப் போதும். உன்ற சத்தத்துக்கு நெசப் பொணமே எந்திரிச்சு ஓடும்" என்று சொன்னவள் நீ. நானும் வருஷா வருஷம் கூப்பிட்டேன். சிட்டு, சிட்டு, சிட்டு. மூக்கில் தண்ணி போன மாதிரி நீ தும்மிக்கொண்டே எந்திரிப்பாய். சனம் சிரிக்கும். அந்தச் சிரிப்போடுதான் எல்லாரும் வீடு போய்ச் சேருவார்கள்.

நன்றாகத்தானே இருந்தது? எங்கிருந்தோ சரக்குப் பார்க்க வந்த அந்த வெள்ளைக்கார மேடம் வந்து கெடுத்தாள். நீ பீஸ் புரட்டிக்கொண்டே பரிசக்காரி பாட்டை முனகிக்கொண்டிருந்தாய். அவள் நின்றுவிட்டாள். சூப்பர்வைசர் பதறி, "பாடாதக்கா, பாடாதக்கா" என்று கையை ஆட்டினான். அவளோ போனை எடுத்து உன் முகத்துக்கு நேராய் நீட்டினாள். கூட வந்த ஆபீஸ் பெண் தமிழில் சொன்னாள்: அவர்கள் நாட்டிலும் முழுக்கப் பாட்டாலேயே நாடகம் உண்டாம், ஆப்பரா என்று பேராம். அன்றைக்குப் பிடித்தது உனக்குப் பித்து.

சோத்து நேரம் முழுக்க போன்தான். டிபன் பாக்ஸை நான் திறந்து நான் ஊட்டாத குறை. முதலில் அந்தக் காலத்து ராசாக்கள் பார்த்த மாதிரியே போட்ட ஒன்றைக் காட்டினாய். மரத்தில் அலை செய்து, பக்கத்தில் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றுகிறார்கள். மேலிருந்து சாமி மேகத்தில் உட்கார்ந்து கயிற்றில் இறங்குகிறது. ஒவ்வொருத்தி தலையிலும் வைக்கோல் போர் அளவுக்கு முடி. ஒரு ஆம்பளை பொம்பளைக் குரலில் பாடுகிறான். கடைசியில் பட்டும் கிரீடமுமாய் ஒரு ராணி பாடிக்கொண்டே சாகிறாள்.

"நம்மூர்ல ஆம்பளைங்க பொம்பள வேஷம் கட்டுன காலத்தாட்டவே இருக்குது பாரு," என்றாய். அது வரைக்கும் எனக்கும் பிடித்திருந்தது.

அப்புறம் இன்னொன்றைக் காட்டினாய். அதே பாட்டு, அதே ராணி. ஆனால் பட்டில்லை, கிரீடம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள், கையில் குளுக்கோஸ் குழாய்.

"பாட்டுல ஒரு எழுத்து மாத்துல, பாத்தியா? எடத்தைத்தான் மாத்தியிருக்கறாங்க. பழைய பாட்டை எடுத்து இன்னைக்கு எங்க வலிக்குதோ அங்க வெக்கறாங்க."

"வெள்ளக்காரிக்குப் பட்டுக்குப் பஞ்சமா? ராணின்னா ராணியாட்டம் இருக்கோணும். ஆஸ்பத்திரியப் பாக்கறதுக்கு எதுக்கு நாடகத்துக்குப் போகோணும்? நாம பெரியாஸ்பத்திரி வரிசையில நின்னு பாக்காததா?"

"நீ ஆத்து வெள்ளத்தப் பாத்திருக்கறயா? நொய்யல்ல சாயத்தண்ணிதான பாத்தே. பரிசல்ல ஏறியிருக்கறயா? கண்ணுல பாக்காத ஒண்ணுக்குச் சனம் எப்படி அழுகும்?"

உன்னோடு பேசினால் கடைசியில் ஜெயிப்பது நீதான். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

அந்த வருஷ நோம்பிக்குப் பாட்டை மாற்றாமல், பரிசக்காரி கதையைக் கம்பெனிக்குள் நடக்கிறதாய் மாற்றினாய். சேலைக்கு மேல் ஓவர்கோட், கழுத்தில் ஐடி கார்டும் இஞ்ச் டேப்பும். பீஸ் தள்ளுகிற ட்ராலிதான் பரிசல். ஆறு முழுக்க மிச்சம் விழுந்த நீலப் பனியன் துணி. அதை ஒட்டுப்போட்டு மேடை நீளத்துக்குத் தைத்தவள் நான். இரண்டு பக்கமும் பொம்பளைகள் பிடித்து உதறினால் அலை எழும்பியது. மரத்தில் செய்த அலையைவிட நன்றாக இருந்தது. அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை, இன்றைக்கும் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

ஆர்மோனியக்காரர் ட்ராலியைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனம்மிணி, பரிசலுக்குச் சக்கரம் எப்பலிருந்து?"

"ஆத்துக்குத் தையல் எப்பலிருந்துன்னு கேக்கவே இல்லீங்களே?" என்றாய். மனுசன் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார்.

எல்லாம் சகித்துக்கொண்டேன். ஒத்திகை முடிகிற நேரத்தில் சொம்போடு மேடையேறப் போனபோது கையைக் குறுக்கே நீட்டினாயே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

"இந்த வருஷம் சொம்பு வேண்டாம்."

"வேண்டாம்னா?"

"அவ எந்திரிக்க மாட்டா. வெளக்கு அணையும். அவ்வளவுதான். மங்களமும் இல்ல."

"உனக்கென்ன கிறுக்கா?"

"நம்ம லைன்ல ஒருத்தி மயங்கி உழுந்தா என்ன பண்றாங்க? மூஞ்சில தண்ணியடிச்சு எழுப்பி மறுக்காவும் மிஷின்ல உக்கார வெக்கறாங்க. எந்திரிச்சுட்டாளேன்னு எல்லாரும் சிரிச்சுட்டு வேலயப் பாக்கறோம். ஒருத்தியாவது எந்திரிக்காமக் கெடக்கட்டும். ஒரு நாளைக்காவது சனம் சிரிக்காம ஊட்டுக்குப் போகட்டும்."

"நீ பாட்டுக்குக் கெடப்பே. சொம்பைப் புடிச்சுட்டு ஓரமா நிக்கறவ நானு. நான் எப்படி ஊட்டுக்குப் போறது?"

"நடந்துதான்," என்று சொல்லிச் சிரித்தாய்.

நான் உன் பேச்சைக் கேட்கவில்லை. நாடகத்தன்று முந்தானைக்குள் சொம்பை மறைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். பரிசல் கவிழ்ந்தது. நீ பாடிக்கொண்டே முங்கினாய். நீலத்துணி உன்மேல் வந்து படிந்தது. முகமும் ஒரு கையும் மட்டும் வெளியே. நான் ஒரு எட்டு எடுத்து வைத்தேன். நீ ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். துணிக்கு வெளியே உன் கை கிடந்தது. அதில் ஆள்காட்டி விரல் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. வேண்டாம், வேண்டாம். பிணம் விரலை ஆட்டி என்னை மிரட்டியது. நின்றுவிட்டேன். விளக்கு அணைந்தது.

அப்புறம் பின்னாலிருந்து ஒரு பொம்பளை, "அவள எந்திரிக்கச் சொல்லுங்க சாமி!" என்று கத்தினாள். நாற்காலிகள் கீச்சிட்டன. கோயில் கமிட்டித் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்து, "நோம்பியும் அதுவுமாப் பொணத்தப் போட்டு ஊட்டுக்கு அனுப்பறயா? யாரக் கேட்டுப் பண்ணுனே?" என்று குதித்தார். நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய். அவர் போனதும் என் காதுக்குள், "பாத்தியா, ஒருத்தரும் சிரிக்கல," என்றாய். முகமெல்லாம் சந்தோஷம் உனக்கு. நான் சொம்புத் தண்ணியை வேப்பமரத்து அடியில் கொட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். நீ சொன்ன மாதிரியே.

அப்புறம் நீ இளைத்தாய். வேலை ஜாஸ்தி என்றாய். லீவு போட்டாய். சொந்தக்காரர் கல்யாணம் என்றாய். கடைசியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கட்டி மாரில் வந்து எங்கெங்கோ பரவியிருந்தது. கட்டிலில் கிடந்தாய். கையில் குளுக்கோஸ் குழாய். போனில் காட்டினாயே, அதே மாதிரி.

"எப்பலிருந்து தெரியும் உனக்கு?"

"நோம்பிக்கு முன்னாலயே டாக்டர் சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லுல?"

நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? குழாய் குத்தின கையைத் தூக்கி, "சொன்னனே அம்மிணி. மேடையில," என்றாய்.

அதுவா சொல்வது? வாயைத் திறந்து "எனக்கு இப்படி இருக்குது, பயமா இருக்குது" என்று சொல்லியிருந்தால் உன்கூட வரிசையில் நின்றிருப்பேன். கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்திருப்பேன். கோயிலுக்கு வேண்டியிருப்பேன், நடக்கிறதோ இல்லையோ. எல்லாருக்கும் பொதுவாய் மேடையில் ஒரு தடவை செத்துக் காட்டிவிட்டு, எனக்குச் சொன்னதாய்க் கணக்கு வைத்துக்கொண்டாயே. உன் சினேகிதி நான். டிக்கெட் இல்லாமல் பார்க்க வந்த சனமா?

ஒரு சேலையும் பிளாஸ்க்கும் எடுத்துவர நான் ஊருக்குப் போன நேரத்தில் நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு மஞ்சத்தண்ணி ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். நான் தள்ளி நின்றேன். சொம்பை யாரோ என் கையில் கொடுக்க வந்தார்கள். வாங்கவில்லை. 

அப்புறம் ஊர் வாய் திறந்தது. "எந்திரிக்காமக் கெடந்தாள்ல, அதான் சாவு கொண்டுட்டுப் போயிருச்சு." ரேஷன் கடையில் பேச்சு, கம்பெனி வேனில் பேச்சு. "கட்டி நாடகத்துக்கு முந்தியே இருந்துச்சுங்க" என்று ஒருத்தியிடம் சண்டைக்கே போனேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்பத் தெரிஞ்சே படுத்திருக்கறாளா? அது இன்னும் ஆகாதே!" என்றாள். உனக்காகப் பேசப் போனாலும் நீ என்னைத் தோற்கவைத்தாய்.

இந்த வருஷ நோம்பிக்குக் கமிட்டித் தலைவர் தானாக என் வீட்டுக்கு வந்தார். "உன்ற சினேகிதி நெனவா அதே கம்பெனி நாடகத்தையே போட்டரலாம். படம் வெச்சு பேனர் கட்டீரலாம். ஆனா ஒண்ணு, செத்தவ எந்திரிச்சே ஆகோணும். சனம் பயந்து கெடக்குது."

நம்ம பொம்பளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் போட்டது போட்டபடி இருக்கட்டும், எந்திரிக்க வேண்டாம் என்றார்கள். பேசிப் பேசி, கடைசியில் சொம்பு யார் கையிலோ அவளே முடிவு பண்ணட்டும் என்று என் தலையில் கட்டினார்கள். எழுப்பினால், எந்திரிக்காததால்தான் நீ செத்தாய் என்று சொல்கிற வாய்க்கு நானே அவல் போட்ட மாதிரி. எழுப்பாவிட்டால் உன் வேஷம் கட்டினவள் கிடப்பாள், ஊர் அவளுக்கும் நாள் எண்ணும்.

உன் வேஷம் செல்விக்கு. மதுரைப் பக்கத்திலிருந்து தையலுக்கு வந்தவள், உனக்குத் தெரியாது. குரல் நல்ல குரல். உன்னைவிட நல்ல குரல் என்று வேண்டுமென்றே எழுதுகிறேன். ஒத்திகைக்கு நடுவில் என்னிடம் வந்து நின்றாள்.

"யக்கா, நான் கிடக்குறதுல ஒண்ணுமில்லக்கா. எனக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. ஆனா எம்மக முன்னால உக்காந்து பாக்கும்லக்கா. அம்மா எந்திரிக்கலன்னா அது என்னக்கா நினைக்கும்?"

நீ இதை யோசித்தாயா? உனக்குப் பிள்ளை இல்லை. முன்வரிசையில் உட்கார உனக்கு ஆள் இல்லை, ஓரத்தில் நிற்க நான்தான் இருந்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் தேடினேன். நீ எப்போதோ வாட்ஸப்பில் எனக்கு அனுப்பின ஆஸ்பத்திரி ராணி அப்படியே கிடந்தாள். உன்கூடப் பார்த்தபோதெல்லாம் அவள் கண்ணை மூடினதும் நீ போனை அணைத்துவிடுவாய், "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று. நான் அணைக்கவில்லை. திரை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் திரை மறுபடி மேலே போனது. செத்த ராணி கட்டிலை விட்டு இறங்கி நடந்து வந்தாள். குழாயைக் காணோம். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள். சனம் எழுந்து நின்று தட்டியது. யாரோ பூச்செண்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள்.

அங்கேயும் எந்திரிக்கிறார்கள், சிட்டு. மஞ்சத்தண்ணி இல்லை, கைத்தட்டல் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். முழுக்கப் பார்த்தவள் நீ. தெரிந்தே எனக்கு மறைத்தாய். தட்டில் போட்ட சோறு ஆறிப்போயிற்று. எழுப்புவது என்று அப்போதே முடிவு பண்ணினேன். ஊருக்குப் பயந்து அல்ல. உன்மேல் வந்த ஆத்திரத்தில்.

நேற்று நாடகம். போலீசு கொடுத்த நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று கமிட்டிக்காரர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். உன் ஓவர்கோட்டில் செல்வி பாடினாள். ட்ராலி கவிழ்ந்தது. நீலத்துணி அலையடித்து அவள்மேல் படிந்தது. விளக்கை அணைக்கவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். சொம்போடு ஏறினேன். தெளித்தேன். செல்வி, செல்வி, செல்வி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தேன்.

"சிட்டு" என்று வந்தது.

அவள் அசையவில்லை. எப்படி அசைவாள்? அது அவள் பேர் இல்லை. வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். தப்பு என்று எனக்குத் தெரிந்தது. வாய் நிற்கவில்லை. மறுபடியும் "சிட்டு" என்றேன். மூணாவது தடவையும் அதேதான். அது யார் பேர் என்று திடலில் எல்லாருக்கும் தெரியும். துணி பிடித்த பொம்பளைகள் கையை விட்டுவிட்டார்கள். மங்களத்துக்கு விரல் வைத்த ஆர்மோனியக்காரர் அப்படியே இருந்தார். யாரும் எந்திரிக்கவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீ கேட்டாயே, இந்தா, எடுத்துக்கொள்.

எவ்வளவு நேரம் நின்றேனோ, முன்வரிசையிலிருந்து செல்வியின் மகள் எழுந்து கத்தினாள். "எங்கம்மா பேரு செல்வி!"

செல்வி என்று ஒரு தடவைதான் கூப்பிட்டேன். மூணுக்குக் காத்திருக்கவில்லை அவள். துணியை உதறிக்கொண்டு எந்திரித்து மகளைப் பார்த்துக் கையாட்டினாள். சனம் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தது. மங்களம் எடுத்தார்கள்.

கீழே இறங்கினதும் ஆர்மோனியக்காரர் வந்தார். "அம்மிணி, அந்த மொதல் பேரு யோசன ஆரோடது? உசுரே போயிருச்சு. அடுத்த வருஷமும் அப்படியே வெச்சுக்கலாம்."

"அது நாடகம் இல்லீங்க," என்றேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த வருஷம் என்னைக் கேட்காமலே வைத்துவிடுவார்கள். உனக்குப் பிடித்திருக்கும்.

துணி காய்ந்துவிட்டது. மடித்து வைக்கப்போகிறேன். கறை இருந்துவிட்டுப் போகட்டும். சொம்பும் என்னிடமே இருக்கும், இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை. ஆனால் துணியைத் தொடும்போதெல்லாம் அதற்கு வெளியே கிடந்த உன் கைதான் கண்ணில் நிற்கிறது. போன வருஷம் உன் விரலைப் பார்த்து நான் நின்றேன். சொம்பில் தண்ணி இருந்தது, வாயில் பேர் இருந்தது. அன்றைக்கு உன் விரலை மதிக்காமல் நான் கூப்பிட்டிருந்தால், எந்திரித்திருப்பாயா சிட்டு?